மாதிரிகளை இங்கே வைக்கவும்

செம்பனை எண்ணெய் ஆலையின் லேப்பில் பதினாறு வருடமாக வேலை பார்க்கும் ரெங்கசாமிக்கு ஒரு விஷயத்தில் மட்டும் சந்தேகமே கிடையாது: மாதிரியை ஆறவிடக் கூடாது. ஆறினால் எண்ணெய் உறைந்துவிடும். மேலே ஒரு பதம், கீழே ஒரு பதம் என்று பிரிந்து, ஒரே எண்ணெய் இரண்டு விதமாகப் பேசும். ஆகவே சுடுநீர்த் தொட்டியில் வைக்க வேண்டும், அவ்வப்போது குலுக்க வேண்டும், சூடு குறையாமல் சோதிக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வந்த எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். ஒருவரும் அவனைத் திருத்தியதில்லை. அந்தத் திங்கட்கிழமை அவன் கைக்கு வந்த மாதிரி தன் மனைவியின் பித்தநீர் என்பதால், வழக்கத்தைவிடக் கூடுதல் அக்கறையோடு சூடுபடுத்தினான்.

எண்பத்தாறாம் வருடம் அது. அம்சவள்ளிக்குக் கண் மஞ்சளாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. முதலில் தோட்டத்து மருந்தகத்து டிரெசர் இமையைப் பிதுக்கிப் பார்த்துவிட்டு, எல்லா நோய்க்கும் கொடுக்கும் அதே வெள்ளை மாத்திரையைக் கொடுத்தார். பிறகு பக்கத்து லயத்து வீட்டுக் காளியம்மா கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாள். மாத்திரையும் கீழாநெல்லியும் ஒன்றுக்கொன்று மரியாதை கொடுத்து ஒதுங்கிக்கொண்டன. மஞ்சள் மட்டும் ஏறியது. உடம்பெல்லாம் அரிப்பு, சொறிந்து சொறிந்து கையெல்லாம் கோடு.

"கல்யாணத்தன்னிக்கு உங்கம்மா மஞ்சள்ல கஞ்சத்தனம் பண்ணுச்சு. இப்பதான் முழுசாப் பூசி முடிச்சிருக்கு" என்றாள் அம்சவள்ளி. அவள் இப்படிப் பேசுகிற வரைக்கும் பயமில்லை என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

கோலாலம்பூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். ஈரலிலிருந்து பித்தநீரை இறக்கும் குழாய் ஓரிடத்தில் நூல்போலச் சுருங்கியிருந்தது. விலா எலும்புகளுக்கு நடுவே மெல்லிய டியூப் ஒன்றைச் செருகி, பித்தநீர் வெளியே ஒரு பையில் விழும்படி செய்தார்கள். அரிப்பு அடங்கியது. அதற்குமேல் வைத்துக்கொள்ளக் கட்டில் இல்லை என்று, டியூபோடும் பையோடும் அவளை ஊர்ப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள்.

அனுப்பும் முன் அறுவை டாக்டர் தெளிவாகவே சொன்னார். சுருக்கத்துக்குக் காரணம் இரண்டில் ஒன்று. பழைய கல் உரசி உண்டான தழும்பாக இருக்கலாம், இல்லையென்றால் புற்றுநோய். புற்றுநோய் என்றால் குழாயோடு ஈரலில் ஒரு பகுதியையும் வெட்டி எடுக்க வேண்டும். இப்போதே வெட்டினால் வழி உண்டு. வெறும் தழும்பு என்றால் அத்தனை பெரிய வெட்டே அவளைக் கொன்றுவிடலாம். எனவே பித்தநீரில் புற்றுச் செல் இருக்கிறது என்று லேப் எழுதிக் கொடுத்தால்தான் அவர் கத்தியைத் தொடுவார். வருகிற வியாழக்கிழமை அறுவைப் பட்டியலில் ஓர் இடம் இருக்கிறது. புதன் பகல் பன்னிரண்டு மணிக்குப் பட்டியலை மூடிவிடுவார்கள். அதை விட்டால், அவர் வெளிநாடு போய்த் திரும்ப ஏழு வாரம்.

"ஏழு வாரம் கழிச்சிப் பண்ணா, டாக்டர்?"

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

முதல் மாதிரி ஆஸ்பத்திரி வேனில் போனது. அந்த வேன் நல்ல வேன். யார் கூப்பிட்டாலும் நிற்கும். பத்தாங் பெர்ஜுந்தையில் ரத்தம், கோலா குபு பாருவில் சளி, வழியில் டிரைவருக்குச் சாப்பாடு என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, காலையில் எடுத்த பித்தநீரைச் சாயங்காலம் கோலாலம்பூர் ஆஸ்பத்திரி லேப்பில் இறக்கியது. 'செல்கள் சிதைந்துள்ளன. மீண்டும் அனுப்பவும்' என்று ஒரு துண்டுக் காகிதம் திரும்பி வந்தது.

அதனால்தான் திங்கட்கிழமை ரெங்கசாமி லீவு போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளோடு வந்து நின்றான். வார்டு நர்ஸ் இராஜம்மா பாட்டிலை அவன் கையில் கொடுத்து, "கெட்டுப் போகாமக் கொண்டு போங்கண்ணே, இதுக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"எனக்கா சொல்றீங்க மிஸ்ஸி? நானே லேப்ல வேலை செய்றவன்."

இராஜம்மா அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. படித்தவனுக்குச் சொல்லிக்கொடுப்பது மரியாதையில்லை என்று நினைத்திருக்கலாம்.

அகலவாய் பிளாஸ்க்கில் சுடுநீர் ஊற்றி, பாட்டிலை அதற்குள் இறக்கி, துண்டால் சுற்றி, மார்போடு கட்டிக்கொண்டு புறப்பட்டான். ஈஜோக்கில் ஒரு காப்பிக்கடையில் சுடுநீர் மாற்றினான். சுங்கை பூலோவில் இன்னொரு முறை. நிறுத்திய இடத்திலெல்லாம் நன்றாகக் குலுக்கினான்.

லேப்பில் மாதிரியை வாங்கியவள் கங்கா. இருபத்தாறு வயது, தினமும் ராவாங்கிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். பாட்டிலைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டாள்.

"அண்ணே, இது சுடுது."

"அறுபது டிகிரி. வழியில ரெண்டு வாட்டி தண்ணி மாத்துனேன்" என்றான் ரெங்கசாமி, பாராட்டை எதிர்பார்த்து. "குலுக்கிக்கிட்டேதான் வந்தேன்."

"யாரு இப்படிச் சொன்னா?"

"யாரும் சொல்லல. நானும் லேப்புதான்."

"எந்த ஆஸ்பத்திரி?"

"ஆஸ்பத்திரி இல்ல தங்கச்சி. செம்பனை மில்லு."

கங்கா பாட்டிலையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பு வருகிற இடம்தான். ஆனால் அவனுடைய சட்டைப் பையில் அம்சவள்ளியின் கார்டு எட்டிப் பார்த்தது, அவள் சிரிக்கவில்லை.

"அண்ணே, கொழுப்பையே கரைக்கிற தண்ணி இது. குழாய்ச் சுவர்லேர்ந்து உதிர்ந்த செல்லு இதுல சும்மா கெடந்தாலே கொஞ்ச நேரத்துல கரைஞ்சிடும். அதனாலதான் எடுத்ததும் ஐஸ்ல வைக்கச் சொல்றது. நீங்க சூடு பண்ணி, குலுக்கி... ரசம் வச்சிட்டீங்க."

ஆனாலும் அவள் எறிந்துவிடவில்லை. சுழற்றும் மெஷினில் போட்டு, அடியில் தங்கியதைக் கண்ணாடியில் தேய்த்து, சாயம் ஏற்றிப் பார்த்தாள். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்து தலையை ஆட்டினாள். அம்சவள்ளிக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சியை அவள் புருஷனே அவித்துவிட்டிருந்தான்.

ரெங்கசாமி கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நாளைக்கு ஐஸ்ல கொண்டாரேன். தெரிஞ்சிடுமா?"

"ஐஸ் இருந்தாலும் உங்க ஊர்லேர்ந்து ரெண்டு மணி நேரம். அதுக்கு மேல இங்க வரிசை. ஒரு தடவை எடுத்தா பாதிப் பேருக்கு ஒன்னும் மாட்டாது அண்ணே. நானா இருந்தா பையில இருக்கிற பழசை ஊத்திட்டு, புதுசா சொட்டுறத மூணு தடவை புடிப்பேன். புடிச்ச உடனே சுத்துவேன். அதுக்கு ஆளு பக்கத்து வார்டுல இருக்கணும். இங்கதான் கட்டில் இல்லையே."

அவன் திரும்பிப் போனபோது சுடுநீர் பிளாஸ்க் கவுண்டரிலேயே கிடந்தது.

அன்று மாலை நடந்ததை அம்சவள்ளியிடம் ஒளிக்காமல் சொன்னான். கட்டிலின் கம்பியைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான்.

"பதினஞ்சு வருசத்துல ஒருநாளு எனக்கு வெந்நி வச்சிருப்பீங்களா?" என்றாள். "மொத தடவையா வச்சீங்க. அதுவும் இப்படி."

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டான். அவள் கையை நீட்டி அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். குட்டில் பலமில்லை. அதுதான் அவனுக்கு அதிகமாக வலித்தது.

செவ்வாய்க்கிழமை காலை மில்லுக்குப் போனான், லீவு முடிந்திருந்தது. வாசலில் பழ லோரிகள் வரிசையில் நின்றன. நேற்று வெட்டின குலைகளை இன்னும் இறக்கவில்லை என்று மேற்பார்வை மண்டோர் கத்திக்கொண்டிருந்தார். வெட்டின நொடியிலிருந்து பழம் புளிக்க ஆரம்பிக்கும். அதைத்தான் ரெங்கசாமி தினமும் அளந்து எழுதுகிறான். மரத்தில் இருக்கும்வரை அதற்கு ஒன்றும் ஆகாது. அவன் கையிலிருந்த கண்ணாடிக் குவளையைக் கீழே வைத்தான். பழத்தை மில்லுக்குக் கொண்டுவருவதற்குப் பதிலாக மரத்தையே கொண்டுவந்துவிட்டால்?

மானேஜரிடம் சொல்லாமல் கிளம்பிவிட்டான்.

சின்ன ஆஸ்பத்திரி டாக்டர் பொறுமையாகக் கேட்டார். மாற்றல் கடிதம் எழுதலாம் என்றார். கடிதம் போய், பதில் வந்து, கட்டில் கிடைக்க வெள்ளிக்கிழமை ஆகும் என்றார். வியாழனுக்கு முன்னால் வெள்ளி வராதா என்று ரெங்கசாமி கேட்டிருப்பான், டாக்டர் அத்தனை பொறுமையாகப் பேசியிராவிட்டால்.

"அப்ப பேரை வெட்டிடுங்க. சொந்தப் பொறுப்புல கூட்டிட்டுப் போறேன்."

அதற்கு ஒரு பாரம் நிரப்ப வேண்டியிருந்தது. வழியில் டியூப் கழன்றாலோ, காய்ச்சல் வந்தாலோ, உயிர் போனாலோ ஆஸ்பத்திரி பொறுப்பல்ல என்று மலாயில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போடும்போது, பொறுப்பை ஏற்றுக்கொள்ள இத்தனை நாள் யாரும் கிடைக்காமல் அந்தப் பாரம் காத்திருந்ததுபோல அவனுக்குத் தோன்றியது.

"அண்ணனுக்கு மூளை கெட்டுப்போச்சு" என்று சொல்லிக்கொண்டே இராஜம்மா டியூபை இரண்டு இடத்தில் பிளாஸ்திரி போட்டு ஒட்டினாள். துணிப்பையில் நான்கு காலி பாட்டில்களையும், அம்சவள்ளியின் பெயர் எழுதிய ஒட்டுக் காகிதங்களையும் வைத்தாள். "இந்தத் தடவை வெந்நி வேண்டாம்" என்றாள்.

புதன் காலை ஆறு மணிக்கு அம்சவள்ளியின் தம்பி நடராஜா செம்பனைப் பருப்பு லோரியோடு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தான். கிள்ளான் துறைமுகத்துக்குப் போக வேண்டிய லோரி. 'பிரேக் சரியில்லை, ஒர்க்‌ஷாப்' என்று புத்தகத்தில் எழுதிவிட்டு கோலாலம்பூருக்குத் திருப்பினான். பிரேக் உண்மையிலேயே சரியில்லை என்பது ஈஜோக் வளைவில்தான் தெரிந்தது.

"அக்கா, புடிச்சிக்க!"

"எதைடா புடிக்க? டியூபையா, பையையா, உன் மாமாவையா?"

ரெங்கசாமி இரு கைகளாலும் பித்தநீர்ப் பையை ஏந்திக்கொண்டிருந்தான். ஒவ்வொரு குழியிலும் அவள் பல்லைக் கடிப்பது கேட்டது. வழியில் ஒரு மாரியம்மன் கோயில் வந்தபோது கும்பிடக் கை ஓடியது. பை இருந்ததால் கண்ணை மட்டும் மூடினான். மூடிய பிறகுதான் என்ன கேட்பது என்று தெரியாமல் விழித்தான். புற்று இருக்கக்கூடாது என்று கேட்டு, அம்மனும் சரியென்று சொல்லி, உள்ளே இருக்கிற புற்று லேப்பில் மட்டும் தெரியாமல் போனால்? இருக்கட்டும் என்றா கேட்பது? கட்டின பெண்டாட்டிக்கா? கோயில் பின்னால் போய்விட்டது. ஒன்றுமே கேட்கவில்லை.

எட்டு மணி பத்து நிமிடத்துக்கு லேப் கட்டடத்தின் வாசலில் காவலுக்கு நின்ற ஜாகா செல்லையா அவர்களை மறித்தார். காக்கி உடுப்பு, கையில் தடி, பதவிக்கு மேலான மீசை.

"இங்க ஆளுங்க வரக் கூடாது. மாதிரி மட்டும்தான்."

"மாதிரி இவங்ககிட்டதாங்க இருக்கு" என்றான் ரெங்கசாமி.

"அப்ப மாதிரியைக் குடுத்துட்டு ஆளு வெளிய போகணும்."

"குடுத்தா கெட்டுப் போயிடும். உள்ள இருக்கிற வரைக்கும்தான் நல்லாருக்கும்."

செல்லையாவின் பதினெட்டு வருட சர்வீஸில் இப்படி ஒரு கேஸ் வந்ததில்லை. அவர் யோசித்து முடிக்கும் முன் அம்சவள்ளி துணிப்பையிலிருந்து ஓர் ஒட்டுக் காகிதத்தை எடுத்து, நாக்கில் தொட்டு, தன் தோளில் அறைந்து ஒட்டிக்கொண்டாள்.

"நாந்தான் மாதிரி. பேரு, வயசு, வார்டு எல்லாம் இருக்கு. எங்க வைக்கணும், சொல்லுங்க."

உள்ளே தாழ்வாரத்தில், 'மாதிரிகளை இங்கே வைக்கவும்' என்று மூன்று மொழியில் எழுதிய பலகைக்குக் கீழே நீளமான மேசை ஒன்று இருந்தது. அதற்குப் பக்கத்துப் பெஞ்சில் போய் அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவுடன் உதடு வெளுத்துவிட்டது. நெற்றியில் வேர்வை. ரெங்கசாமி அவள் தலையைத் தன் இடுப்போடு சாய்த்துக்கொண்டு நின்றான்.

கங்கா வெளியே வந்தாள்.

"அண்ணே! உங்களுக்கு என்ன பைத்தியமா?"

"நீங்கதானே சொன்னீங்க, ஆளு பக்கத்துல இருக்கணும்னு."

"அது பேச்சுக்குச் சொன்னது லா! இங்க யாருக்காச்சும் தெரிஞ்சா என் வேலை போயிடும்."

"பன்னெண்டு மணிக்குப் பட்டியலை மூடுறாங்க, தங்கச்சி" என்றான் அவன். "திங்கக்கிழமை நான்தான் கெடுத்தேன். நான்தான் அவிச்சேன்."

கங்கா அம்சவள்ளியைப் பார்த்தாள். அவள் தோளில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், ஒரு சட்டி நிறைய ஐஸ் கட்டியோடு திரும்பி வந்தாள்.

பையிலிருந்த பழைய பித்தநீரைக் கொட்டினாள். டியூபின் முனையை ஐஸில் நிறுத்திய பாட்டிலில் விட்டாள். பச்சையும் மஞ்சளுமாகச் சொட்டுச் சொட்டாக விழுந்தது. ஒவ்வொரு சொட்டையும் ரெங்கசாமி எண்ணினான். நாற்பதுக்குமேல் கண் கலங்கி விட்டுவிட்டான். இருபது நிமிடத்தில் பாட்டிலை எடுத்துக்கொண்டு அவள் ஓடினாள். கதவுக்கு அந்தப் பக்கம் மெஷின் சுழலும் ஓசை கேட்டது. அந்த ஓசை அவனுக்குத் தெரியும். ஏறும், நிலைக்கும், இறங்கும். இறங்கி நின்றதும் மேல்நீரை ஊற்றிவிட்டு அடிமண்டியை எடுப்பாள். காயவிடாமல் ஸ்பிரிட்டில் போடுவாள். அப்புறம் சாயம்.

ஒன்பதே முக்காலுக்கு வந்தாள். "முதல் பாட்டில்ல வெறும் சீழ்ச் செல்லுதான். ரெண்டாவது சுத்திக்கிட்டு இருக்கு."

பத்தரைக்கு வந்தாள். "ஒன்னு ரெண்டு ஒரு மாதிரியா இருக்கு. பெரிய டாக்டரம்மா பாத்துட்டு, இதை வச்சி எழுத முடியாதுங்கிறாங்க. மூணாவதும் எடுத்தாச்சு. ஆனா சாயம் ஏற நேரம் எடுக்கும் அண்ணே, அதை அவசரப்படுத்த முடியாது."

ரெங்கசாமி சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டான். இருக்கட்டும், இருக்கட்டும் என்று தன் வாய் முணுமுணுப்பதை அவனே கேட்டான். நிறுத்தப் பார்த்தான். நிற்கவில்லை. இந்த உலகத்தில் வேறெந்தப் புருஷனும் காலை பத்தரை மணிக்கு ஒரு சுவரிடம் இப்படி ஒரு வரம் கேட்டிருக்க மாட்டான்.

"என்ன சொல்றீங்க?" என்றாள் அம்சவள்ளி.

"ஒன்னும் இல்ல."

"காது எனக்கு மஞ்சளாகல. நல்லாத்தான் கேக்குது." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "சொல்லுங்க. நானும் அதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

பதினொன்று இருபத்தைந்துக்குக் கதவு திறந்தது. கங்காவின் கையில் பெரிய டாக்டரம்மா கையெழுத்துப் போட்ட காகிதம் இருந்தது.

"கொத்துக் கொத்தா இருக்கு அண்ணே. சந்தேகமே இல்ல. எப்படி இத்தனை உதிர்ந்துச்சுன்னு டாக்டரம்மாவே கேக்கிறாங்க. உங்க ரோட்டுக் குழியா என்னான்னு..." என்று சிரிக்கப் பார்த்தவள், முடியாமல் மூக்கை உறிஞ்சினாள்.

ரெங்கசாமி காகிதத்தை வாங்கினான். இரண்டு மாதமாக எந்தச் சொல்லை வீட்டில் யாரும் உச்சரிக்கவில்லையோ, அது தட்டச்சில் அழகாக, நடுவில் அடிக்கோடு போட்டு இருந்தது. ஜெயித்தவன்போல ஒரு கணம் நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த கணம் அதே சொல்லை மறுபடி படித்தான்.

"இருக்கா?" என்று கேட்டாள் அம்சவள்ளி.

"இருக்கு."

அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்தாள். பிடித்த பிடியில் பித்தான் ஒன்று தெறித்துத் தாழ்வாரத்தில் உருண்டது. அந்த முகத்தை அவன் அதுவரை பார்த்ததில்லை. கேலி எல்லாம் வடிந்துபோய், ஒரு சின்னப் பெண் பயந்து நின்றாள். அப்புறம் அவள் கையை விட்டாள்.

"மணி என்னா?"

"பதினொன்னு முப்பது."

"அப்ப இங்க நின்னுக்கிட்டு என்னா பண்றீங்க? ஓடுங்க!"

ஓடினான். அறுவைப் பிரிவு வேறு கட்டடம், மூன்றாம் மாடி. லிப்ட்டில் ஒரு கட்டில் ஏறிக்கொண்டிருந்தது, படியில் ஏறினான். பட்டியல் எழுதும் கிராணி பாலகிருஷ்ணன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் நேரம். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம்.

காகிதத்தை அவர் இரண்டு முறை படித்தார். உள்ளே டாக்டருக்குப் போன் போட்டார். "ஆமா டாக்டர்... பாசிட்டிவ்... ஆளு இங்கதான் இருக்காங்களாம், லேப்ல... இல்ல டாக்டர், லேப்லதான்..." என்று பேசிவிட்டு, போனை வைத்தார். பெரிய புத்தகத்தைத் திறந்து, வியாழக்கிழமைப் பக்கத்தில் கடைசி வரியில் பென்சிலால் எழுதினார்: அம்சவள்ளி, பெண், முப்பத்தாறு.

"ஆச்சு. கூட்டிட்டு வந்து வார்டுல சேத்துடுங்க."

ரெங்கசாமி நகரவில்லை. "பென்சில்ல எழுதிருக்கீங்க."

"எல்லாரையும் பென்சில்லதான் எழுதுவோம் லா. ஆளு மாறும். அவசரக் கேஸ் வரும். சில பேரு அதுக்குள்ள..." பாலகிருஷ்ணன் அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

"பேனால எழுதுங்க சார்."

"அப்படி வழக்கம் இல்லண்ணே."

"பேனால எழுதுங்க."

கத்தவில்லை, கெஞ்சவுமில்லை. மேசையின் விளிம்பை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றான். மூச்சிரைப்பில் தோள் ஏறி இறங்கியது. பின்னால் இரண்டு பேர் வந்து வரிசையில் சேர்ந்தார்கள். கடிகார முள் பன்னிரண்டைத் தொட்டது, தாண்டியது. பாலகிருஷ்ணன் சாப்பாட்டு டப்பாவைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மேசை இழுப்பறையைத் திறந்தார். நீல மைப் பேனா ஒன்றை எடுத்து, பென்சில் எழுத்தின் மேலேயே ஒவ்வோர் எழுத்தாக அழுத்தி எழுதினார்.

மை காயும்வரை ரெங்கசாமி அந்த வரியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.